பில்லைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுங்கள்: மொரீஷியஸ் வணிகருக்கும் கிரிப்டோக்காரருக்கும்

மொழி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் கடந்த 12 மாதத்து பில்களை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். கொள்முதல், விற்பனை, கப்பல் சரக்கு ரசீது, வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோவில் வந்ததும் போனதும் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் மூன்று குறிப்பு எழுதுங்கள்: பணம் எந்த நாட்டுக்குப் போனது அல்லது எங்கிருந்து வந்தது; தாள் எந்த மொழியில் இருக்கிறது; தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும். கடைசியில் நாடு வாரியாகத் தொகையைக் கூட்டுங்கள்.

மூன்றாவது குறிப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மொழியைத் தீர்மானிப்பது அதுதான். பேரத்தை எந்த மொழியிலும் முடித்துவிடலாம். அரைகுறை ஆங்கிலமும் கால்குலேட்டரும் போதும். பணம் சிக்கிக்கொண்டால் புகாரை எழுதவும் பதிலைப் படிக்கவும் அந்த ஊர் மொழி வேண்டும். ‘உலகில் அதிகம் பேர் பேசும் மொழி எது’ என்று தேடுவது வீண் வேலை. அந்தக் கோடிக்கணக்கானவர்களில் உங்களிடம் சரக்கு வாங்குபவர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

கிரிப்டோவுக்கு எந்த மொழி?

தொழில்நுட்பத்துக்கு மட்டும் என்றால் ஆங்கிலம் போதும், அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2008இல் வெளிவந்த பிட்காயின் வெள்ளை அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. நிரல், ஆவணம், பரிமாற்ற நிலையங்களின் விதிகள் எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலம்தான். உள்ளூர்ச் சட்டமும் அப்படியே. மெய்நிகர் சொத்துச் சேவைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. தரகு, வாலட் (கிரிப்டோவை வைக்கும் டிஜிட்டல் பை), பாதுகாப்பு, ஆலோசனை, சந்தை என்று ஐந்து வகை உரிமங்களை நிதிச் சேவைகள் ஆணையம் அதன்கீழ் கொடுக்கிறது. விண்ணப்பம், கடிதப் போக்குவரத்து எல்லாம் ஆங்கிலம். அதனால் ‘கிரிப்டோவுக்காக’ என்று சொல்லிப் புது மொழி தொடங்குபவர், எந்த நாட்டு மனிதரோடு எந்த வேலைக்கு என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எதிராளி நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் எச்சரிக்கைப் பட்டியலைப் படிக்க, வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் எழுத, மோசடிக்காரரின் பேச்சில் எது வழக்கமான தொழில் பேச்சு, எது தூண்டில் என்று பிரித்தறிய மொழி உதவும். விலை ஏறுமா இறங்குமா என்று எந்த மொழியும் சொல்லாது.

மொழி தெரிந்தாலும் கதவு திறக்காத இடங்களும் உண்டு. கொரியாவில் கிரிப்டோ வணிகம் சூடானதுதான். ஆனால் 2018 முதல் அங்கே உள்நாட்டுப் பணத்தில் வணிகம் செய்ய, சொந்தப் பெயரில் சரிபார்த்த உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். போர்ட் லூயிஸில் உட்கார்ந்துகொண்டு கொரிய மொழி படித்தால் நாடகம் புரியும், அந்தச் சந்தை கிடைக்காது.

பிரெஞ்சு: தெரியும் என்று நினைப்பதுதான் இடைஞ்சல்

பெரும்பாலான மொரீஷியஸ் தமிழர்களின் பில் குவியல் ஒரே பதிலைத்தான் சொல்லும்: எழுத்துப் பிரெஞ்சு. வீட்டில் கிரியோல், பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பிரெஞ்சு, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளர்ந்ததால் ‘பிரெஞ்சு வரும்’ என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். பேச்சு வரும். பக்கத்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் செயிண்ட் டெனிஸ் கடைக்காரர் மூன்று மாதமாகப் பணம் தராதபோது எழுத வேண்டிய கடிதம் வருமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கடிதத்துக்கு ‘மீஸ் ஆன் தெமேர்’ என்று பெயர்: கெடு வைத்து எழுதும் இறுதிக் கோரிக்கை. அதில் பில் எண், தேதி, தொகை, கெடு முடிந்த நாள், தாமத வட்டி, இன்னும் எத்தனை நாள் அவகாசம் (பொதுவாக 8 அல்லது 15), கட்டாவிட்டால் அடுத்து என்ன நடவடிக்கை என்பது வரிசையாக இருக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் போக வேண்டும். பிரெஞ்சுச் சட்டப்படி வணிகர்களுக்கு இடையே ஒப்பந்தத்தில் வைக்கக்கூடிய உச்சக் கெடு பில் தேதியிலிருந்து 60 நாள், அல்லது மாத இறுதிக் கணக்கில் 45 நாள். தாமதித்தால் வட்டியோடு பில் ஒன்றுக்கு 40 யூரோ வசூல் செலவும் கேட்கலாம். இந்த 40 யூரோவைப் பற்றிய வரி பில்லிலேயே இருக்க வேண்டும். அதைச் சரியான பிரெஞ்சில் போடத் தெரியாமல் கையை விரிப்பவர்கள் உண்டு.

விலை பேசும்போது எச்டே (HT), டேடேசே (TTC) என்ற இரண்டு குறியையும் கவனியுங்கள். முதலாவது வரி சேராதது, இரண்டாவது வரி சேர்ந்தது. ரீயூனியனில் டிவிஏ என்னும் மதிப்புக் கூட்டு வரி பொதுவாக 8.5 சதவீதம், நம் வாட் 15 சதவீதம். அதற்கு மேல் அங்கே ஆக்ட்ருவா தெ மேர் என்னும் கடல் வரியும் இருக்கிறது. எந்தக் குறி என்று கேட்காமல் மின்னஞ்சலில் ‘சரி’ என்று எழுதிவிட்டால் லாபம் முழுவதும் வரியில் போய்விடும்.

ரீயூனியனில் நுகர்வோருக்கு நேரடியாக விற்பவருக்கு இன்னொரு கட்டாயம் உண்டு. 1994ஆம் ஆண்டின் தூபோன் சட்டம் விளம்பரம், பொருள் விவரம், பயன்பாட்டுக் குறிப்பு, உத்தரவாதம் எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்கிறது. இணையக் கடைக்கும் அது பொருந்தும்.

கிரிப்டோவிலும் ரீயூனியன் நமக்கு அடுத்த வீட்டு ஐரோப்பாதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா என்னும் கிரிப்டோ விதிகள், டாலர், யூரோ போன்றவற்றோடு மதிப்பைக் கட்டிய ஸ்டேபிள்காயின்களுக்கு 2024 ஜூன் 30 முதலும், சேவை நிறுவனங்களுக்கு அதே ஆண்டு டிசம்பர் 30 முதலும் பொருந்துகின்றன. புது கிரிப்டோ டோக்கனை விளக்கும் வெள்ளை அறிக்கையை சர்வதேச நிதித் துறையில் புழங்கும் மொழியில் எழுத மைக்கா அனுமதிக்கிறது, ஆகவே ஆங்கிலம் செல்லும். ஆனால் பிரான்ஸின் நிதிச் சந்தை அமைப்பான ஆஎம்எஃப் வெளியிடும் கறுப்புப் பட்டியலும், வாடிக்கையாளர் அனுப்பும் புகாரும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் வரும். ரீயூனியன் நண்பர் ஒருவர் ஒரு முதலீட்டுத் தளத்தைக் காட்டினால் முதல் வேலை, அந்தப் பெயரைக் கறுப்புப் பட்டியலில் தேடுவது. இரண்டாவது, நிறுவனத்தின் 9 இலக்கப் பதிவு எண்ணான சிரெனைக் கேட்டுப் பதிவேட்டில் ஒத்துப்பார்ப்பது. மூன்றாவது, மைக்கா உரிமம் பெற்றவர்களின் ஐரோப்பியப் பதிவேட்டில் தேடுவது. மூன்றும் சேர்ந்து கால் மணி நேர வேலை.

கிரியோல் பேசுபவர் பிரெஞ்சு எழுதும்போது தடுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றே. பெயர்ச்சொல்லின் பால்: பில் பெண்பால், பணம் செலுத்துதல் ஆண்பால், அதற்கேற்ப அடைமொழியும் மாறும், கிரியோலில் இந்தத் தொல்லையே இல்லை. வினை விகுதி: ‘பே’, ‘தி’, ‘பு’ போன்ற சில துணுக்கில் கிரியோல் முடித்துவிடும் காலத்தைப் பிரெஞ்சு ஒவ்வொரு வினையின் வாலிலும் கட்டும். ஒட்டிப்போன முன்சொல்: டிலோ, டிரி, லார்ஸான் என்று சேர்ந்தே பழகிய நாக்கு, தாளில் அதைப் பிரிக்க மறந்துவிடும். இவை மூன்றையும் திருத்தாமல் ‘வணிகப் பிரெஞ்சு’ வகுப்பில் சேர்ந்தால் அலங்கார வாக்கியங்கள் மட்டும் கூடும், பிழை அப்படியே இருக்கும். மரியாதை வடிவத்தில் ‘வூ’வை விட்டு இறங்காதீர்கள், எதிராளியே ‘தூ’ போடச் சொன்னால் பிறகு பார்க்கலாம்.

இலக்கு டெல்ஃப் என்னும் பிரெஞ்சுத் தேர்வின் பி2 நிலை. நான்கு திறனுக்கும் 25 வீதம் 100 மதிப்பெண். தேற 50 வேண்டும், எந்தத் திறனிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம்: நிலைப்பாட்டை நியாயப்படுத்தும் கட்டுரையோ முறையான கடிதமோ, சுமார் 250 சொல். தாமதக் கடிதத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சான்றிதழ் காலாவதியாகாது. வகுப்புக்கு 1884 முதல் இங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. நிலை சோதித்துச் சேருங்கள். ‘ஆரம்ப நிலையான ஏ1இலிருந்தே தொடங்குகிறேன்’ என்பது நம்மவர்களுக்குத் தேவையற்ற அடக்கம், ஒரு வருடக் காசும் போகும்.

சீனம்: எல்லாம் வேண்டாம், உரிமத் தாள் மட்டும்

சீனாவோடு மொரீஷியஸ் செய்துகொண்ட தடையிலா வணிக ஒப்பந்தம் 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடைச் சாமான், மின்பொருள், பிட்காயின் சுரங்க இயந்திரம் எது வாங்கினாலும் மறுமுனை சீனாவில்தான் இருக்கும். சுரங்க இயந்திரம் செய்யும் பிட்மெயின், மைக்ரோபிடி, கனான் மூன்றும் சீனாவில் பிறந்த நிறுவனங்களே. அதற்காக மாண்டரின் முழுவதும் படிக்க வேண்டுமா?

நேரக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்குப் பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துகீசுக்குச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி என்றும், மாண்டரின், ஜப்பானியம், கொரியம், அரபிக்கு 2,200 மணி என்றும் கணக்குப் போடுகிறது. கடையை மூடிவிட்டு வாரம் 6 மணி நேரம் ஒதுக்குபவருக்கு முதல் வகை ஏறக்குறைய இரண்டரை வருடத்துக்குள் முடியும், இரண்டாவது வகை 7 வருடம். கிரியோலும் ஆங்கிலமும் இருப்பவருக்குப் பிரெஞ்சு இன்னும் குறையும். மாண்டரினில் அப்படிக் குறைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

ஆண்டுக்கு ஓரிரு கன்டெய்னர் இறக்குபவருக்கு முழு மொழி தேவையில்லை. வணிக உரிமத் தாளைப் படிக்க ஏறக்குறைய 40 எழுத்து தெரிந்தால் போதும். இரண்டு மாத வேலை. அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை: நிறுவனத்தின் சீனப் பெயர், எண்ணும் எழுத்தும் கலந்த 18 இட ஒருங்கிணைந்த பதிவுக் குறியீடு, சட்டப் பிரதிநிதியின் பெயர், பதிவு மூலதனம், தொடங்கிய நாள், தொழில் எல்லை. சீனச் சட்டத்தில் செல்லுவது சீனப் பெயர் மட்டுமே. விசிட்டிங் கார்டில் உள்ள ஆங்கிலப் பெயர் அவர்களாக வைத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் சீனப் பெயரும் குறியீடும் இருக்கிறதா, கீழே உள்ள சிவப்பு வட்ட முத்திரையில் அதே எழுத்துகள் இருக்கின்றனவா, வங்கிக் கணக்கின் பெயரும் அதுதானா என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். தொழில் எல்லையில் ‘உற்பத்தி’ இல்லாமல் ‘விற்பனை’ மட்டும் இருந்தால் அது தொழிற்சாலை அல்ல, இடைத்தரகர். விலை ஏன் அப்படி என்பதும் அப்போது புரியும்.

விற்பவர் திடீரென்று தனிநபர் கணக்கையோ டாலர் ஸ்டேபிள்காயினான யுஎஸ்டிடியின் முகவரியையோ அனுப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். 2021 செப்டம்பர் 24 அன்று சீன மத்திய வங்கியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து, மெய்நிகர் நாணயம் சார்ந்த வணிகச் செயல்பாடுகள் சட்டவிரோத நிதி நடவடிக்கை என்று அறிவித்தன. சரக்கு வராவிட்டால் அங்கே நீதிமன்றம் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே சுங்கத்தில் காட்ட வங்கிப் பரிமாற்றத் தடயமும் இருக்காது. ஹாங்காங் கதை வேறு: 2023 ஜூன் 1 முதல் அங்கே கிரிப்டோ வணிகத் தளங்களுக்கு உரிமம் உண்டு, விதிகள் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. அதற்காகக் கான்டனீஸ் படிக்க வேண்டாம்.

சீன வணிகம்தான் உங்கள் குவியலில் பாதிக்கு மேல் என்றால் முழுமையாக இறங்குங்கள். பெல் வில்லேஜில் 1988 முதல் இருக்கும் சீனக் கலாச்சார மையமும் பல்கலைக்கழகத்தின் கன்பூசியஸ் நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. சீன மொழித் தேர்வான எச்எஸ்கேயின் பழைய ஆறு நிலை முறையில் 4ஆம் நிலைக்கு 1,200 சொற்கள்; பேரம் பேசத் தொடங்கும் இடம் அதுதான்.

மற்றவை, சுருக்கமாக

அரபி: துபாய்க்காக என்றால் வேண்டாம். அங்கே வணிகம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. 2022இல் தொடங்கிய வாரா ஒழுங்குமுறை அமைப்பின் கிரிப்டோ விதிநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நிதி மையத்தின் நீதிமன்றமும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. நேரமும் நமக்கும் துபாய்க்கும் ஒன்றே.

ஜப்பானியம்: வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், பெயரெச்சம் பெயருக்கு முன்னால் என்று வாக்கிய அமைப்பு தமிழோடு ஒத்துப்போகும். தமிழில் யோசித்து எழுதப் பழகினால் ஆங்கிலம் வழியாகப் படிப்பவரைவிட வாக்கியம் சீக்கிரம் பிடிபடும். எழுத்துமுறையில் அந்தச் சலுகை இல்லை. ஜப்பானிய வாடிக்கையாளர் ஏற்கெனவே இருந்தால் மட்டும்.

ஸ்பானிஷ்: எல் சால்வடார் 2021 செப்டம்பர் 7இல் பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கியதும் பலருக்கு ஆசை வந்தது. 2025 ஜனவரியில் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டு, ஏற்பது கட்டாயம் என்ற நிலை போய்விட்டது. நேர வித்தியாசம் 10 மணி நேரம். இங்கே இரவுச் சாப்பாடு முடியும்போதுதான் அங்கே அலுவலகம் சூடுபிடிக்கும். தினமும் இரவு 11 மணிக்குப் போனை எடுக்க முடியுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போர்த்துகீசு: மொசாம்பிக் நம்மைவிட 2 மணி நேரமே பின்னால், தெற்கு ஆப்பிரிக்க வட்டார நாடுகளின் கூட்டமைப்பான சாடெக்கின் உறுப்பு நாடு. பிரெஞ்சு பி2 தாண்டியவருக்குப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு சீக்கிரம் வந்துவிடும். சுவாஹிலி கென்யா, தான்சானியா சில்லறை வணிகத்துக்கு மதிப்புள்ளது. ஒப்பந்தம் ஆங்கிலத்திலேயே வரும் என்பதால் பேச்சளவில் போதும்.

தமிழையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். இந்தியாவோடு செய்த செக்பா என்னும் பொருளாதார ஒப்பந்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும் கோயம்புத்தூர் பம்பும் வாங்குபவர், ஆங்கில மின்னஞ்சலோடு நிற்காமல் போனில் ‘அண்ணே, போன தடவை சாயம் ஒட்டலையே’ என்று கேட்டால் வரும் பதிலே வேறு. பள்ளியில் படித்த செந்தமிழை அந்தப் பேச்சுக்குப் பழக்கினால் போதும். மோகாவின் மகாத்மா காந்தி நிலையத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள்.

படிக்கும்போது கெட்டுப்போகும் இடங்கள்

முதலாவது எண். பிரெஞ்சுத் தாளில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. 1,250 என்று இருந்தால் அது ஒன்றேகால்; ஆயிரத்து இருநூற்று ஐம்பதை ‘1 250’ என்று இடைவெளி விட்டு எழுதுவார்கள். டோக்கன் எண்ணிக்கையில் இதை மாற்றிப் படித்தால் பிழை ஆயிரம் மடங்கு. ‘மில்லியார்’ என்றால் 100 கோடி, பிரெஞ்சு ‘பில்லியோன்’ என்றால் லட்சம் கோடி. ஆங்கில பில்லியனை அதோடு குழப்பாதீர்கள். சீனர் பத்தாயிரத்தை ஓர் அலகாக எண்ணுவார்கள், பெயர் ‘வான்’. நம் லட்சம் 10 வான், கோடி 1,000 வான். தொகையைப் பேச்சில் ஒப்புக்கொள்ளாமல் எப்போதும் இலக்கத்திலும் எழுத்திலும் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்கள். 12 அல்லது 24 சொற்களும் பிப்-39 என்ற முறையின் 2,048 சொல் பட்டியலிலிருந்து வருகின்றன. பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம், சீனம் உட்படப் பல மொழிகளில் பட்டியல் இருந்தாலும் பல வாலட்கள் ஆங்கிலப் பட்டியலை மட்டுமே ஏற்கும். பயிற்சிக்காக என்று வேறு மொழியில் மீட்புச் சொற்களை உருவாக்காதீர்கள். மறைத்துவைக்கும் எண்ணத்தில் தமிழில் மொழிபெயர்த்தும் எழுதாதீர்கள். திரும்ப ஆங்கிலமாக்கும்போது ஒரு சொல் பிசகினால் பணம் போனதுதான். செயலியின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றிப் பழக விரும்பினால் உண்மைப் பணம் புழங்காத, எத்தீரியத்தின் செபோலியா சோதனை வலையில் பழகுங்கள். புரியாத மெனுவில் ட்ரான் வலையைக் குறிக்கும் டிஆர்சி-20க்குப் பதிலாக வேறு வலையைத் தொட்டு அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு, பல நேரம் முடியாது.

மூன்றாவது, மொழிபெயர்ப்புச் செயலி. பொருள் புரிந்துகொள்ள நல்லது. ஒப்பந்தத்தை அப்படியே இலவசச் செயலியில் ஒட்டினால் அதன் உள்ளடக்கம் வெளி ஆளிடம் போகிறது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டிருந்தால் அதுவே மீறல். வாலட் முகவரியையும் வங்கி எண்ணையும் மொழிபெயர்த்து வந்த நகலிலிருந்து எடுக்கவே கூடாது, மூலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் தாளுக்கு உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். பி2 அங்கே போதாது.

நான்காவது, மொழிப் பரிமாற்றச் செயலிகளில் வரும் ‘நண்பர்’. நீங்கள் அவருக்கு ஆங்கிலம், அவர் உங்களுக்கு மாண்டரின். சில வாரம் வெகு ஒழுங்காகப் போகும். பிறகு மாமா ஒருவரின் முதலீட்டு உத்தி, யுஎஸ்டிடி லாபத்தின் படம், ஒரு செயலியின் இணைப்பு. முதலில் சிறு தொகை எடுக்கவும் முடியும். பெரிய தொகை போட்டதும் ‘வரி கட்டினால்தான் எடுக்கலாம்’ என்பார்கள். பர்மாவின் மியாவாடி அருகே உள்ள கேகே பார்க் போன்ற வளாகங்களில் ஆட்களை அடைத்துவைத்து நடத்தப்படும் தொழில் இது. அந்தப் பக்கம் தட்டச்சு செய்பவரே கைதியாக இருக்கலாம். மொழி நண்பரோடு பணம் பற்றிப் பேசுவதில்லை என்று முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். மீறுபவரை விளக்கம் கேட்காமல் தடை செய்யுங்கள்.

வாரத்தின் 6 மணி நேரத்தைப் பிரிக்கும் விதம்: வகுப்பு 2 மணி, உங்கள் சொந்த பில்லும் மின்னஞ்சலும் வைத்து எழுத்து 2 மணி, எண் கேட்டு எழுதும் பயிற்சியும் போன் பேச்சும் 1 மணி, அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் எச்சரிக்கைகளைப் படிப்பது 1 மணி. கடைசி ஒரு மணிதான் முதலில் கைவிடப்படும், அதைக் காலையிலேயே வையுங்கள். பயிற்சி வரி கட்டும் நிறுவனமாக இருந்தால் மனிதவள மேம்பாட்டு மன்றமான எச்ஆர்டிசியிடம் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமா என்று வகுப்பு தொடங்கும் முன்பே கேளுங்கள். 6 மாதம் கழித்துப் பழைய பில் குவியலில் ஒன்றை உருவி, அகராதி இல்லாமல் பதில் எழுதிப் பாருங்கள். கெடு, தொகை, வரிக் குறி மூன்றும் சரியாக வந்தால் அதே வேகம் போதும். வராவிட்டால் வகுப்பைக் கூட்டாமல் எழுத்து நேரத்தைக் கூட்டுங்கள். முதல் மொழியில் சொந்தமாக ஒரு தாமதக் கடிதம் அனுப்பிப் பணம் வசூலாகும்வரை இரண்டாவது மொழியைத் தொட வேண்டாம்.